இன்னும் வராத சாரதிக்கு முற்கூட்டியே சம்பளமா?

என் தங்கையும் மச்சானும் வாங்க விரும்பிய மின்சாரக் காரின் விலைச்சீட்டில் கடைசிக்கு முந்திய வரி இது: "சுயசெலுத்தல் பொதி, ரூபா 7,00,000. பதிவின்போது முழுத்தொகையும் செலுத்தப்பட வேண்டும்." அதற்குக் கீழே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் மட்டுமே தெரியும் எழுத்தில் ஆங்கிலத்தில் இன்னும் சில வரிகள். காரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லவும் போகிறேன். ஆனால் என்னை எழுத வைத்தது, கார் தானே ஓடுவதற்கென்று இனிமேல் வரப்போகும் மென்பொருளுக்குக் கேட்ட அந்த ஏழு இலட்சம்தான்.

பரந்தனில் வாகன மின்வேலை செய்கிற கடை எனக்கு. சிறு போத்தலால் கொஞ்சம் பெற்றோலைப் பீய்ச்சி எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலத்தில் தொழில் பழகியவன். இப்போது ரிவர்ஸ் கமரா பூட்டுகிறேன், சென்சர் மாற்றுகிறேன், எலி கடித்த வயர்க் கட்டுகளைப் பிரித்து ஒட்டுகிறேன். எனவே "காரில் கருவி இருக்கிறது, மென்பொருள் மட்டும் வரவேண்டும்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கருவி, எங்கே இருக்கிறது, பழுதானால் யார் மாற்றுவது என்ற கேள்விகள் எனக்குத் தன்னால் வந்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருடங்கள் பழைய வாகனங்களையே விலை ஏற்றி ஏற்றி விற்றுக்கொண்டிருந்தோம். அந்தத் தாகத்தில் காட்சியறைக்குள் நுழைகிறவர் எதையும் வாங்குவார் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் போன காட்சியறையில் தேநீர் நன்றாக இருந்தது, குளிரூட்டி இதமாக இருந்தது, விற்பனைப் பிரிவுத் தம்பியும் பண்பானவர். "அண்ணை, இப்போது கட்டினால் ஏழு. அடுத்த மாதம் ஒன்பது ஆகிவிடும்" என்றார். இந்த நாட்டில் எந்த வீதியில் அது இன்றைக்கு ஓடுகிறது என்று கேட்டேன். தேநீருக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.

அவர்கள் பாராட்டுக்குரிய ஒரு காரியம் செய்தார்கள். நகரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடலாம் என்று நினைக்காமல், "எங்கள் வீதியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்ற தங்கையின் பிடிவாதத்துக்கு இணங்கி, அந்தத் தம்பியுடனேயே காரைப் பரந்தனுக்கு அனுப்பிவைத்தார்கள். கார் வாங்குகிற எவரும் இதைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து வைத்தியசாலை வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு விசுவமடுவுக்குக் கார் வாங்க முடியாது.

ஏ9 வீதியில் கார் ராஜாவாக ஓடியது. முன்னால் போகும் வாகனத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோல், வெள்ளைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் தட உதவி, திடீரென்று ஏதாவது குறுக்கிட்டால் தானே பிடிக்கும் பிரேக் ஆகிய மூன்றும் பொதி இல்லாமலேயே காரோடு வருகின்றன. இருட்டிய பிறகு முறிகண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, பின்விளக்கும் ஒளிதெறிப்பானும் இல்லாமல் வைக்கோல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. மச்சான் அதைக் காண்பதற்கு முன்பே காரின் ரேடார் கண்டுவிட்டது. வேகம் குறைந்த பிறகுதான் எங்களுக்கு வைக்கோல் தெரிந்தது. இதற்கு நான் காசு கொடுப்பேன், மறுபேச்சில்லை. வன்னியில் இரவில் விளக்கில்லாத இழுவைப் பெட்டியில் மோதிச் செத்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ என் கடை வாசலில் கிடந்து போயிருக்கின்றன.

முறிகண்டியில் நிறுத்தினோம். நிறுத்தாமல் போகிற வாகனம் உண்டா? விற்பனைத் தம்பி கச்சான் வாங்கும் முன் பிள்ளையாருக்குத் தேங்காய் ஒன்று உடைத்தார். தானே ஓடப்போகிற காருக்கு எதற்குத் தம்பி என்று மச்சான் கேட்க, அவரும் சிரித்துவிட்டார்.

பகலில் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் நடந்தது வேறு கதை. காலபோக அறுவடை முடிந்து எல்லா இடமும் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம். தர்மபுரத்தைத் தாண்டி ஓரிடத்தில் எங்கள் பக்கத்துத் தாரில் பாதிக்கு நெல்லைப் பரப்பி, சுற்றிவரக் கல்லும் பனைமட்டையும் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். ஓர் அம்மா பலகையால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தேன். அந்த அம்மா சாம்பல்நிற உருவமாகத் திரையில் வந்தார். அவர் காலடியில் கிடந்த நெல் வரவில்லை, கல்லும் வரவில்லை. காரைப் பொறுத்தவரை அது வெறும் வீதி. மச்சான் நெல்லை விலத்த வலப்பக்கம் திருப்பினார். சிக்னல் போடவில்லை, நெல்லை விலத்த யார் சிக்னல் போடுகிறார்கள்? நடுக்கோட்டை மிதிக்கப் போகிறோம் என்று எண்ணிய கார், ஸ்டியரிங்கை மெதுவாக, ஆனால் விடாப்பிடியாக, நெல்லின் பக்கமே இழுத்தது. மச்சான் கையால் அழுத்திப் பிடித்துக் கடந்தார். அந்த அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தம்பிதான் பின் ஆசனத்தில் சற்று நெளிந்தார்.

இது காரின் குற்றமென்று சொல்ல மாட்டேன். கோட்டைப் பார்த்து ஓடப் பழக்கப்பட்டது கோட்டைப் பார்த்து ஓடியது. நெல் காயும் வீதியை அதற்கு யாரும் காட்டவில்லை. என் கேள்வி இதுதான்: யார், எப்போது காட்டப் போகிறார்கள்? இந்த மாதிரி மென்பொருள் எந்த நாட்டு வீதிகளில் கோடிக்கணக்கான கிலோமீற்றர் ஓடிப் படங்கள் சேர்க்கிறதோ, அந்த நாட்டு வீதிகளைத்தான் அது நன்றாகப் படிக்கும். தர்மபுரத்தில் நெல் கிண்டும் அம்மாவின் படத்தைச் சேர்ப்பதற்கு அந்தக் கொம்பனிக்கு இங்கே எத்தனை கார் விற்றால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் பாருங்கள்.

தங்கை வீட்டு ஒழுங்கை கிரவல். அதில் திரும்பியதும் கோடும் இல்லை, விளிம்பும் இல்லை. தட உதவி தானாகவே ஒதுங்கிக்கொண்டது. அது நேர்மையான நடத்தை, எனக்குப் பிடித்தது. வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முன் கமரா மறைக்கப்பட்டிருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. இறங்கிப் பார்த்தால் கண்ணாடியில் சிவப்புத் தூசி ஒரு படலம். லேஞ்சியால் துடைத்தேன், செய்தி போய்விட்டது. கோடையில் தூசி, கார்த்திகை மழையில் சேறு. வன்னியில் பாதிப் பேரின் வீடு இப்படியான ஒழுங்கைகளின் முடிவில்தான் இருக்கிறது. கமராவை நம்பி ஓடும் எந்த அமைப்புக்கும் இங்கே முதல் தேவை மென்பொருள் அல்ல, ஒரு வாளி தண்ணீர்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வீதிக்குக் குறுக்கே ஓடிய மயிலுக்குக் கார் முழுப் பிரேக் போட்டது. மயில் தப்பியது. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த தனியார் பஸ் சாரதி எங்கள் பரம்பரையையே அழைத்துத் திட்டினார். மற்றது, காவலாளி இல்லாத புகையிரதக் கடவை ஒன்றில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தபோது திரையில் அதற்கான அடையாளம் எதுவும் வரவில்லை. மணியும் அடித்தது, மச்சான் நிறுத்தினார். இந்தப் பாதையில் கடவைகளில் போன உயிர்களை நினைத்தால் எனக்கு இது மயிலைவிடப் பெரிய விடயம்.

இனி அந்தச் சின்ன எழுத்து. வீட்டில் தங்கையின் மகளை உட்காரவைத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். பொதியில் அடங்கும் வசதிகள் "கிடைக்கும்போது" வழங்கப்படும், திகதி கிடையாது. அவை அந்தந்த நாட்டு அதிகாரிகளின் அனுமதிக்கு உட்பட்டவை. கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது. பொதி அந்தக் காருக்கு மட்டுமே. காரை விற்றால் காரோடு போகும், அடுத்த காருக்கு மாற்ற முடியாது. கடைசி வரிதான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது: வருங்கால வசதிகளுக்குக் கூடுதல் கருவிகள் தேவைப்பட்டால் அவற்றின் செலவு வாடிக்கையாளருடையது.

காட்சியறையில் "கருவிகள் எல்லாம் காரில் இருக்கின்றன அண்ணை" என்று வாயால் சொன்னது ஒன்று, தாளில் எழுதியிருப்பது இன்னொன்று. கருவி போதாமல் போகலாம் என்று தாளை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நுகர்வோர் அதிகாரசபை இருக்கிறதே, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதே என்றார் மச்சான். இருக்கிறது. ஆனால் திகதியே இல்லாத வாக்குறுதியை எந்தத் திகதியில் மீறினார்கள் என்று முறைப்பாட்டில் எழுதுவது?

வயல் விளையும் முன் நெல்லுக்கு முற்பணம் கொடுக்கிற வியாபாரிகூட, வரம்பில் ஏறிப் பயிரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுவான். எங்களிடம் காட்டப்பட்டது பயிர் அல்ல, விதைமூட்டையின் படம்.

இந்த வியாபாரம் புதிதும் அல்ல. இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது அமெரிக்காவின் டெஸ்லா. 2016 ஒக்டோபரில், இனி வெளிவரும் தங்கள் கார்கள் அனைத்திலும் முழுமையாகத் தானே ஓடுவதற்குத் தேவையான கருவிகள் இருக்கின்றன என்று அறிவித்து, அந்த மென்பொருளுக்கு அப்போதே பணம் வாங்கத் தொடங்கினார்கள். 2017 முடிவதற்குள் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரு கார் மனிதக் கை படாமல் ஓடிக் காட்டும் என்றார் அதன் தலைவர் ஈலோன் மஸ்க். அந்த ஆண்டு முடிந்தது, ஓட்டம் நடக்கவில்லை. 2019இல், அடுத்த ஆண்டு பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சாரதியற்ற டாக்சிகள் வீதியில் இருக்கும் என்றார். 2025 ஜூனில் ஒஸ்டின் நகரத்தில் அந்த டாக்சி சேவை தொடங்கியபோது ஓடியவை ஒரு சில கார்கள். அவற்றிலும் முன் ஆசனத்தில் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

விலை போன பாதையை விற்பனைத் தம்பிக்கு நான் தனியாகச் சொன்னேன், "அடுத்த மாதம் ஒன்பது" என்று அவர் சொன்னதால். டெஸ்லாவும் விலை ஏறும், ஏறும், இப்போதே கட்டுங்கள் என்றுதான் சொல்லிவந்தது. ஏறவும் செய்தது. 2020 ஒக்டோபரில் 10,000 டொலர், 2022 ஜனவரியில் 12,000, அதே ஆண்டு செப்டெம்பரில் 15,000. பிறகு என்ன நடந்தது? 2023 செப்டெம்பரில் மறுபடி 12,000. 2024 ஏப்ரலில் 8,000. ஏறும் என்ற பயத்தில் உச்சத்தில் கட்டியவர், இரண்டு வருடம் முடிவதற்குள் ஏறத்தாழப் பாதி விலையில் பக்கத்து வீட்டுக்காரர் அதையே வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலையைவிடக் கணினியின் கதைதான் என் தொழிலுக்கு நெருக்கமானது. 2016இல் போதும் என்ற கணினி போதவில்லை என்று 2019இல் புதியதொன்று வந்தது. பொதிக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2023இல் அதையும் தாண்டி இன்னொன்று வந்தது. 2025 ஜனவரியில் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்: 2019ஆம் ஆண்டுக் கணினியோடு பொதியை வாங்கியவர்களின் கார்களிலும் அதை மாற்றவேண்டி வரும், அது வேதனையான வேலையாக இருக்கும் என்று. அமெரிக்காவில் பெரிய கொம்பனி, கேட்பதற்கு வழக்கறிஞர்கள், எழுதுவதற்குப் பத்திரிகைகள். அங்கே இந்தப் பாடு. எங்களுடைய தாளில், மாற்றுச் செலவு வாடிக்கையாளருடையது என்று முன்கூட்டியே எழுதியாயிற்று.

நியாயமாகவும் பேசவேண்டும். டெஸ்லாவின் மென்பொருள் இப்போது வட அமெரிக்காவில் நன்றாகவே ஓடுகிறது. ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் மொன்றியலுக்குப் போகும்போது பெரும்பகுதித் தூரம் கார்தான் ஓட்டுகிறது. "ஆனால் அண்ணா, நான் கண்ணை எடுத்தால் உள்ளே இருக்கும் கமரா கண்டுபிடித்துச் சத்தம் போடும்" என்கிறான். அதாவது கை ஓய்வெடுக்கலாம், கண் ஓய்வெடுக்கக் கூடாது. 2024இல் அந்த மென்பொருளின் பெயரிலேயே 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். அவன் அதை முழுவிலைக்கு வாங்கவில்லை. தூரப் பயணம் இருக்கும் மாதத்தில் மட்டும் சந்தா கட்டுகிறான், மற்ற மாதங்களில் நிறுத்திவிடுகிறான். அமெரிக்காவில் இந்தச் சந்தா 2021இல் மாதம் 199 டொலராகத் தொடங்கி 2024இல் 99 ஆனது. 2024இன் அந்த 8,000 டொலரை 99ஆல் பிரித்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 81 மாதங்கள். ஆறே முக்கால் வருடம் விடாமல் சந்தா கட்டினால்தான் முழுவிலையை எட்டும். அதுவும் இன்றைக்கு ஓடுகிற மென்பொருளுக்கு.

இந்தக் கார்களின் தரத்தைச் சொல்ல எஸ்.ஏ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு பூச்சியத்திலிருந்து ஐந்து வரை படிகள் வைத்திருக்கிறது. இரண்டாம் படிவரை சாரதி நீங்கள்தான், கார் கை கொடுக்கிறது. மூன்றாம் படியிலிருந்து குறிப்பிட்ட நிலைமைகளில் கார்தான் சாரதி. நாங்கள் ஓட்டிய கார் இரண்டாம் படி. டெஸ்லாவில் சாரதி மேற்பார்வை பார்க்கவேண்டிய அந்த மென்பொருளும் இரண்டாம் படிதான். 2022இல் மெர்சிடிஸ் பென்ஸ் ஜேர்மனியில் மூன்றாம் படியை விற்கத் தொடங்கியபோது, அதிவேக வீதியில், நெரிசலில், மணிக்கு 60 கிலோமீற்றருக்குள் மட்டும் என்று வரம்பு கட்டிக் கொடுத்தது. ஆசை காட்டவில்லை. எங்கே ஓடும், எங்கே ஓடாது என்று எழுதிக் கொடுத்தது. எனக்கு மதிப்பு அப்படிப்பட்ட தாளில்தான்.

ஏன் இந்தப் படிக்கணக்கில் இவ்வளவு கெடுபிடி என்றால், மோதினால் பொறுப்பு யாருக்கு என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. 2019இல் புளொரிடாவில் டெஸ்லாவின் ஓட்டோபைலட் என்ற சாரதி உதவி அமைப்பை இயக்கிக்கொண்டு போன ஒருவர், விழுந்த கைபேசியைத் தேடிக் குனிந்த நேரத்தில் கார் மோதி ஓர் உயிர் போனது. 2025 ஓகஸ்டில் மயாமி நீதிமன்ற ஜூரிகள் டெஸ்லா 24 கோடி 30 இலட்சம் டொலர் கொடுக்கவேண்டும் என்றார்கள். செய்தியில் எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பார்த்தார்கள். நான் பார்த்தது பங்கை: பொறுப்பில் மூன்றில் ஒன்று கொம்பனிக்கு, மூன்றில் இரண்டு சாரதிக்கு. கிளிநொச்சிப் பொலிஸ் நிலையத்தில், "சார், கார்தான் ஓட்டியது" என்று மச்சான் வாக்குமூலம் கொடுப்பதைக் கற்பனை செய்து பார்த்தோம். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

சீனாவில் நடந்ததையும் சொல்லவேண்டும், எங்களுக்கு வருவது சீனக் கார்கள்தானே. 2025 பெப்ரவரியில் பிவைடி, தன் சாரதி உதவி அமைப்பைக் கூடுதல் விலை இல்லாமல் தன் பெரும்பாலான மொடல்களில் சேர்ப்பதாக அங்கே அறிவித்தது. சீகல் என்ற, எழுபதாயிரம் யுவானுக்கு உள்ளே தொடங்கும் சிறிய காரிலும்கூட. அதே ஆண்டு ஏப்ரலில், விளம்பரங்களில் 'தானியங்கி ஓட்டம்' போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு அரசு கார் கொம்பனிகளை எச்சரித்தது. பிறந்த ஊரில் ஒரு பெரிய கொம்பனி விலை இல்லாமல் கொடுக்கத் தொடங்கியதும், விளம்பரத்தில் சொல்லக் கூடாது என்று அரசு தடுத்ததுமான பண்டத்தைத்தான் யாழ்ப்பாணத்தில் ஏழு இலட்சத்துக்கு நீட்டுகிறார்கள். ஏற்றுமதி மொடல்களில் அதே கருவிகள் இருக்கும் என்ற கட்டாயமும் இல்லை. போட்டி இப்படிப் போகும்போது இந்த வசதிகளின் விலை வருடத்துக்கு வருடம் இறங்குமே தவிர, ஒன்பது இலட்சம் ஆகும் என்று நான் நம்பவில்லை.

எங்கள் பக்கக் கணக்கு. லீசிங் கொம்பனி காரின் பெறுமதிக்குத்தான் கடன் தரும் என்றது. பொதிக்குக் கையிலிருந்து கட்டவேண்டும். கடனில் சேர்த்துத் தந்திருந்தால் அது இன்னும் மோசம், வராத பொருளுக்கு வருடக்கணக்கில் வட்டி. நீண்ட பயணங்களுக்கு எங்களூரில் நாளுக்கு நாலாயிரம் ரூபா கொடுத்தால் ஏ9இல் நரைத்த சாரதி ஒருவர் வருவார். நெல்லையும் தெரியும், மாட்டையும் தெரியும், கடவை மணியும் கேட்கும். ஏழு இலட்சத்துக்கு அவரை 175 நாட்கள் வைத்துக்கொள்ளலாம். மச்சானுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் கொழும்புப் பயணம். தங்கை இந்தக் கணக்கைச் சொன்னபோது விற்பனைத் தம்பி கைபேசியில் கணிப்பானைத் திறந்து சரிபார்த்தார். விடை மாறவில்லை.

"விற்கும்போது பெறுமதி கூடும்" என்பது அவருடைய கடைசி வாதம். பழைய வாகனம் வாங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பற்றரி எப்படி, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, அடிபட்டதா என்று கேட்பார்கள். இன்னும் வேலை செய்யாத ஒரு வசதிக்கு முந்திய உரிமையாளர் கட்டிய காசை இன்னொருவர் ஏன் கொடுக்கவேண்டும்?

யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்கும் அன்றே நீங்கள் தினமும் போகும் வீதியில் ஓடிக் காட்டினால், எங்கே ஓடாது என்பதையும் எழுதிக் கொடுத்தால், அந்த வசதியின் விலையைப் பேசலாம். சுற்றுக் கமராக்களும், நெருக்கமான இடத்தில் தானாக நிறுத்தும் உதவியும் இப்படிப்பட்டவை. ஓட்டிப் பார்த்தோம், வேலை செய்தன, அவற்றுக்குக் கேட்ட காசு நியாயம். கிளிநொச்சிச் சந்தை முன் காரை நிறுத்த அவதிப்படும் எவரும் அதை மறுக்க மாட்டார்.

காருக்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. ஓட்டம் மென்மை, ஆசனம் நல்லது, ரேடார் கெட்டி. தரைக்கும் காரின் வயிற்றுக்கும் இடையிலான உயரம் எங்கள் ஒழுங்கைக்குக் கொஞ்சம் போதாது. மயிலுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கலாம், விட்டுவிட்டேன். காட்சியறைக்கு ஏழு, வன்னிக்குக் காரை அனுப்பாவிட்டால் நாலுதான் கொடுத்திருப்பேன். பொதிக்கு மதிப்பெண் போட முடியாது, பார்க்கவில்லை.

பொதி இல்லாமல் காரைப் பதிவு செய்தோம். பதிவுப் படிவத்தில் இரண்டு வரிகளைக் கையால் எழுதவைத்து, முகாமையாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். பொதி வாங்காத காரணத்தால் காரோடு வந்த சாரதி உதவிகள் எதுவும் பின்னாளில் மென்பொருள் மாற்றத்தில் நிறுத்தப்பட மாட்டாது என்பது ஒன்று. சுயசெலுத்தல் வசதி இந்நாட்டில் ஓடத் தொடங்கினால் மாதச் சந்தாவாகப் பெறும் தெரிவு எங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பது மற்றது. முதல் வரிக்கு முகாமையாளர் உடனே கையெழுத்திட்டார். இரண்டாவதற்குக் கொழும்பைக் கேட்கவேண்டும் என்று சொல்லி, பின்னேரம் அழைத்துச் சரி என்றார். அடுத்த கிழமை விற்பனைத் தம்பி மறுபடி அழைத்து, "அண்ணை, உங்களுக்காக ஐந்தரை" என்றார். ஒன்பது ஆகவேண்டிய மாதத்தில்.